யூகே நர்ஸ் வேலைக்கு ஏஜென்சி 4 லட்சம் கேட்கிறது, கட்டலாமா?

3 ஆகஸ்ட் 2025, மாலை (கேள்வி)

பி.எஸ்சி. நர்சிங் முடித்து மதுரையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி ஐசியூவில் ஐந்து வருடமாக இருக்கிறேன். கையில் வருவது 19,000. யூகே அனுப்புகிறோம் என்று ஒரு ஏஜென்சி 4 லட்சம் கேட்கிறது. பாதி இப்போது, பாதி விசா வந்ததும். அங்கே போனால் ஒரே வருடத்தில் எடுத்துவிடலாம் என்கிறார்கள். அம்மா நகையை வைத்துத் தருகிறேன் என்கிறார். மூன்று வயதில் மகன் இருக்கிறான். அங்கே இருக்கும் சிஸ்டர்கள் யாராவது சொல்லுங்கள், கட்டலாமா?

3 ஆகஸ்ட், இரவு 11.40 (பதில்)

கட்டாதீர்கள்.

4 ஆகஸ்ட்

நான் யூகேயில் நர்ஸ். நேற்று நைட் டியூட்டி பிரேக்கில் ஒற்றை வார்த்தையில் எழுதிவிட்டுப் போய்விட்டேன். ஏன் என்று இன்று சொல்கிறேன்.

நர்சை ஆள் பிடித்துத் தரும் ஏஜென்சிக்குக் காசு கொடுக்க வேண்டியது அங்குள்ள ஆஸ்பத்திரி, நர்ஸ் அல்ல. இங்கிலாந்து அரசின் வெளிநாட்டு ஆள்சேர்ப்பு நெறிமுறையிலேயே இது இருக்கிறது: வேலை வாங்கித் தருவதற்காக விண்ணப்பிப்பவரிடம் கட்டணம் வாங்கக் கூடாது. நம் பக்கமும் ஒரு வரம்பு உண்டு. பதிவு பெற்ற ஏஜென்ட் சேவைக் கட்டணமாக அதிகபட்சம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம். ஏஜென்ட் பதிவு பெற்றவரா என்பதை மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பார்க்கலாம். 4 லட்சம் என்பது இந்த இரண்டு கணக்கிலும் வரவில்லை.

நம் கையிலிருந்து போகும் காசு வேறு. ஆங்கிலப் பரீட்சை, சிபிடி என்ற கம்ப்யூட்டர் பரீட்சை, என்எம்சி என்ற யூகே நர்சிங் கவுன்சிலில் பதிவு, தமிழ்நாடு நர்சிங் கவுன்சிலிலிருந்து சரிபார்ப்பு, போலீஸ் சான்று, காசநோய்ப் பரிசோதனை. இப்போது சிபிடி 83 பவுண்டு, தகுதியைப் பார்க்க என்எம்சிக்கு 140, கடைசியில் பதிவுக்கு 153. நான் 2019-இல் சிபிடிக்கு 130 கட்டினேன். அந்த அக்டோபரில் 83 ஆகக் குறைத்தார்கள். என் ராசி எப்போதும் அப்படித்தான். ஆஸ்கி பரீட்சையும் டிக்கெட்டும் என்னை எடுத்த ஆஸ்பத்திரியே பார்த்துக்கொண்டது.

அதனால் ஏஜென்சியிடம் கேளுங்கள்: 4 லட்சம் எது எதற்கு என்று லெட்டர்பேடில் எழுதித் தரச் சொல்லுங்கள். தருகிறார்களா பாருங்கள்.

5 ஆகஸ்ட்

ஒருவர் கேட்டிருக்கிறார், ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலப் பரீட்சையில் நாலு பகுதியிலும் 7 வேண்டுமா என்று. வேண்டாம். கேட்பது, வாசிப்பது, பேசுவது மூன்றிலும் 7. எழுத்தில் 6.5 போதும்.

இந்த அரைப் புள்ளியில் என் ஒரு வருடம் போயிருக்கிறது. 2018-இல் இரண்டு முறை எழுதினேன். இரண்டு முறையும் ரைட்டிங் 6.5. அப்போது அதிலும் 7 எடுத்தாக வேண்டும். தடவைக்குப் பதிமூன்றாயிரம் சொச்சம். அந்த மாதம் சம்பளத்தில் மிச்சம் பஸ் காசுதான்.

தப்பு எங்கே என்று கோச்சிங் சார்தான் கண்டுபிடித்தார். வருடக்கணக்கில் சார்ட்டும், ஷிப்ட் மாறும்போது அடுத்த நர்சுக்குக் கொடுக்கும் ஹேண்டோவர் குறிப்பும் எழுதிப் பழகிய கை. 'நோயாளி நலமாக உள்ளார். புகார் ஏதும் இல்லை. மருந்து கொடுக்கப்பட்டது.' கட்டுரையையும் அப்படியே எழுதியிருக்கிறேன்: நகரங்களில் மக்கள்தொகை கூடுகிறது, போக்குவரத்து நெரிசல் உள்ளது, சாலை அகலப்படுத்தப்பட்டது. சார் படித்துவிட்டு, "சிஸ்டர், இது கட்டுரையா, ஹேண்டோவரா?" என்றார்.

திருத்திக்கொண்டேன் என்று சொல்ல ஆசைதான். 2018 டிசம்பரில் என்எம்சி எழுத்துக்கு 6.5 போதும் என்று மாற்றியது. 2019 ஜனவரியில் மூன்றாம் முறை எழுதினேன். ரைட்டிங் 6.5. நான் ஒரு அங்குலம்கூட எம்பவில்லை, தாண்ட வேண்டிய கம்பிதான் இறங்கி வந்தது.

ஓஇடி, அதாவது மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலப் பரீட்சை, எழுதலாமா என்று அடுத்த கேள்வி வரும். எழுதலாம், நர்சுக்கு அதுதான் இயல்பு. கேஸ் குறிப்பைப் பார்த்து ஒரு ரெஃபரல் லெட்டர் எழுதச் சொல்வார்கள். சார்ட் கைக்கு ஏற்ற பரீட்சை. மூன்றில் பி கிரேடு, எழுத்தில் சி பிளஸ் போதும். அன்று அதன் கட்டணம் ஐஇஎல்டிஎஸ்ஸைவிட இரண்டு மடங்குக்கு மேல், அதனால் நான் அந்தப் பக்கமே போகவில்லை. மூன்று தடவை ஐஇஎல்டிஎஸ் கட்டியதைக் கூட்டிப் பார்த்தால்... சரி, வேண்டாம்.

9 ஆகஸ்ட்

ஆஸ்கி பற்றி. இது யூகே மண்ணில் நடக்கும் செய்முறைப் பரீட்சை. ஆறு ஸ்டேஷன், ஒவ்வொன்றிலும் ஒரு வேலை செய்து காட்ட வேண்டும். ஒன்றில் நோயாளியாக நடிப்பவர் இருப்பார், ஒன்றில் பொம்மை இருக்கும்.

நம் ஊர் நர்சுக்கு இதில் கை பிரச்சினை இல்லை, வாய்தான் பிரச்சினை. நாம் ஐசியூவில் கை ஓட வாய் மூடி வேலை செய்து பழகியவர்கள். இங்கே பேசிக்கொண்டே செய்ய வேண்டும். கையைக் கழுவும்போது கழுவுகிறேன் என்று சொல்ல வேண்டும். பொம்மையின் பெயர், பிறந்த தேதியைக் கேட்க வேண்டும். உங்களுக்கு இப்போது ஊசி போடலாமா, சம்மதமா என்று பிளாஸ்டிக்கிடம் அனுமதி வாங்க வேண்டும். வாயால் சொல்லாதது செய்யாதது என்றே கணக்கு.

நான் 2020 பிப்ரவரியில் வந்தேன், செப்டம்பரில் ஆஸ்கி எழுதினேன், மருந்து கொடுக்கும் ஸ்டேஷனில் தோற்றேன். அலர்ஜி பட்டையைக் கண்ணால் பார்த்தேன், படித்தேன், மருந்தோடு ஒப்பிட்டும் பார்த்தேன். "உங்களுக்கு ஏதாவது அலர்ஜி உண்டா?" என்று வாய் திறந்து கேட்கவில்லை. அவ்வளவுதான். அந்த ஒரு ஸ்டேஷனை மறுபடி எழுத 397 பவுண்டு. முதல் தடவைக்கு ஆஸ்பத்திரி கட்டியது, இதற்கு நான்தான் கட்டினேன். இன்றைக்கும் வீட்டுக்கு வரும் விருந்தாளிக்குக் காபி கொடுக்கும் முன்பு அலர்ஜி உண்டா என்று கேட்கிறேன். கணவர் சிரிக்கிறார். 397 பவுண்டு அவர் கட்டவில்லையே.

10 ஆகஸ்ட்

திருத்தம். ஆறு ஸ்டேஷன் என்றது பழைய கதை. போன வருடம் லீட்ஸில் எழுதிய ஒரு தம்பி பத்து என்று எழுதியிருக்கிறார், அவர் சொல்வதே சரி. 2021 ஆகஸ்டிலிருந்து பத்து ஸ்டேஷன். நோயாளியை மதிப்பிடுவது, திட்டமிடுவது, செய்வது, பலனைப் பார்ப்பது என்று நாலு. கைத்திறன் நாலு. யாரோடும் பேசாமல் உட்கார்ந்து எழுதும் ஸ்டேஷன் இரண்டு. சிபிடியும் மாறிவிட்டது, இப்போது கணக்குப் பகுதி 15 கேள்வி தனியாக, நர்சிங் பகுதி 100 கேள்வி தனியாக.

ஐந்து வருடத்துக்கு முன்பு எழுதியவர் பேச்சைக் கேட்டுப் படித்தால் இப்படித்தான். நான் உட்பட யார் சொன்னாலும் என்எம்சி தளத்தில் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

10 ஆகஸ்ட், மறுபடி

அந்தத் தம்பி, "அக்கா, நீங்கள் 2020 பிப்ரவரியில் போனதாக எழுதியிருந்தீர்கள், ஆஸ்கி ஏன் செப்டம்பரில்?" என்று கேட்கிறார். நீயே யோசித்துப் பார் தம்பி, அந்த வருடம் நடுவில் என்ன வந்தது?

ஏப்ரலில் எனக்குப் பரீட்சைத் தேதி. மார்ச்சில் மையங்களை மூடிவிட்டார்கள். பரீட்சைக்குக் காத்திருந்த எங்களைப் போன்றவர்களைத் தற்காலிகப் பதிவேட்டில் சேர்த்தார்கள். ஒரு மெயில் வந்தது, மறுநாள் நான் நர்ஸ். ஊரில் வென்டிலேட்டர் பார்த்த கை என்று தெரிந்ததும் நேராக ஐசியூ. ஆளைக் குப்புறப் போட ஏழு பேர் வேண்டும், ஒருவர் தலைமாட்டில் டியூபைப் பிடித்துக்கொண்டு எண்ணுவார், மூன்று என்றதும் எல்லோரும் சேர்ந்து புரட்ட வேண்டும். முகக்கவசத்துக்குள் யார் பேசுவதும் புரியாது. எண்ணிக்கை மட்டும் எல்லா நாட்டுக்காரர்களுக்கும் புரிந்தது.

வியாழக்கிழமை எட்டு மணிக்கு ஊரே வாசலில் நின்று கை தட்டும். எங்கள் டே ஷிப்ட் முடிவதும் எட்டு மணி. முதல் வியாழன் எனக்கு விஷயம் தெரியாது. பின்வாசல் வழியாக வருகிறேன், தெரு முழுக்கக் கைதட்டல், ஒரு கிழவர் கரண்டியால் சட்டியைத் தட்டுகிறார். என்னமோ ஏதோ என்று திரும்பி உள்ளே போய்விட்டேன். அம்மாவிடம் போனில் சொன்னேன். "இங்கேயும் போன ஞாயிறு தட்டு தட்டினோமே, உனக்குக் கேட்டதா?" என்றார்.

12 ஆகஸ்ட்

கேள்வி கேட்ட தங்கச்சி ஆஃபர் லெட்டரை அனுப்பியிருந்தார். 'அக்கா, என்னை நீ என்றே சொல்லுங்கள்' என்றும் எழுதியிருக்கிறார். சரி.

உன் லெட்டரில் மூன்றாவது பத்தியைப் பார். வேலையின் பெயர் சீனியர் கேர் அசிஸ்டென்ட். பக்கத்தில் தொழில் கோடு 6136. அது நர்ஸ் வேலை இல்லை தங்கச்சி. நர்சுக்கான கோடுகள் 223 என்று தொடங்கும். 6135, 6136 இரண்டும் முதியோர் பராமரிப்பு வேலைக்கு. அது தாழ்ந்த வேலை என்று சொல்லவில்லை. ஆனால் அதில் என்எம்சி பதிவு இல்லை, உன் ஐந்து வருட ஐசியூவுக்கு அங்கே வேலையே இல்லை.

அதைவிடப் பெரிய விஷயம்: இந்த இரண்டு கோடுக்கும் வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுப்பதை 2025 ஜூலை 22-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டார்கள். உன் லெட்டரில் தேதி ஜூலை 29. கதவு சாத்திய வீட்டுக்குச் சாவி விற்கிறார்கள்.

'போனதும் நர்சாக மாற்றித் தருவோம்' என்று வாயால் சொன்னார்களாமே. யார் மாற்றுவது? ஆங்கிலப் பரீட்சை, சிபிடி, ஆஸ்கி எல்லாம் நீதான் எழுத வேண்டும், அதற்கு முன்பு அங்கே கேர் வேலையில் பன்னிரண்டு மணி நேரம் நின்றுவிட்டு வர வேண்டும். உன்னை எடுத்த நிறுவனத்தின் ஸ்பான்சர் லைசென்ஸ் பறிபோனால் வேறு ஸ்பான்சர் தேட 60 நாள்தான். அப்படி 60 நாளை எண்ணிக்கொண்டிருந்த பிள்ளைகள் எங்கள் ஊர் சர்ச் ஹாலில் வந்து அழுததைப் பார்த்திருக்கிறேன்.

12 ஆகஸ்ட், பத்து நிமிடம் கழித்து

காசு ஏதும் கொடுத்துவிட்டாயா? அதைச் சொல்லு முதலில்.

16 ஆகஸ்ட்

25,000 முன்பணம் கொடுத்தாயிற்று என்கிறாள். ரசீது 'ஆலோசனைக் கட்டணம்' என்று. பாவம், திட்டாதீர்கள். 'படித்த நர்ஸ் இப்படி ஏமாறலாமா' என்று எழுதிய அண்ணனுக்குத்தான் இந்தக் குறிப்பு.

4-ஆம் தேதி நான் பெரிய ஞானி மாதிரி எழுதிவிட்டேன். 2016-இல் நானே 60,000 கட்டி ஏமாந்தவள். வளைகுடாவுக்கு. அப்போது நர்சுகளை வளைகுடா உட்பட 18 நாடுகளுக்கு அனுப்புவதை அரசு நிறுவனங்கள் வழியாக மட்டும் என்று வைத்திருந்தார்கள், 2015-இல் வந்த உத்தரவு. கேரளத்துக்கு நோர்க்கா, ஒடெபெக். நமக்கு ஓஎம்சிஎல், 1978-இலிருந்து இருக்கும் தமிழ்நாடு அரசு நிறுவனம், கிண்டியில். எனக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. ஏஜென்ட் சொன்னான்: "அரசாங்கத்தில் லேட் ஆகும் சிஸ்டர், விசிட் விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம்." ஒரு திங்கட்கிழமை ஆபீசுக்குப் போனால் ஷட்டர். பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரர், "நீங்கள் இன்றைக்கு ஒன்பதாவது ஆள்" என்றார்.

அந்த உத்தரவு வருவதற்கு முந்தைய வருடம்தான் இராக்கின் திக்ரித்தில் 46 நர்சுகள் போருக்கு நடுவே மாட்டிக்கொண்டார்கள். ஒருவர் நம் தூத்துக்குடிப் பெண், மற்ற எல்லோரும் மலையாளிகள். 2014 ஜூலை 5 அன்று கொச்சியில் வந்து இறங்கியதை எங்கள் வார்டு டிவியில் நோயாளிகளோடு நின்று பார்த்தேன். சண்டை நெருங்கியபோதே கிளம்பியிருக்கலாமே என்று ஒரு டாக்டர் கேட்டார். பலர் கடன் வாங்கிப் போனவர்கள், சம்பள பாக்கி நின்றிருந்தது. கடனோடு ஊர் திரும்புவதற்குக் குண்டே பரவாயில்லை என்று தோன்றும் நிலை ஒன்று உண்டு. அதைப் பார்த்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை, நானும் கடன் வாங்கி 60,000 கொண்டுபோய்க் கொடுத்தேன்.

தங்கச்சி, ரசீதும் வாட்ஸ்அப் பேச்சும் அழிந்துவிடாமல் பார்த்துக்கொள். இ-மைக்ரேட்டில் புகார் போடலாம், சென்னையில் குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகம் இருக்கிறது, அயலகத் தமிழர் நலத்துறையும் இருக்கிறது. போலீசுக்கும் போ. புகார் எண்ணைக் காட்டிவிட்டுப் பணத்தைக் கேள், குரல் மாறும்.

23 ஆகஸ்ட்

சம்பளக் கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே பதிலாகச் சொல்கிறேன்.

என்ஹெச்எஸ்ஸில், அதாவது இங்குள்ள அரசு மருத்துவத் துறையில், பதிவு பெற்ற நர்சுக்குத் தொடக்கம் பேண்ட் 5 என்ற சம்பள நிலை. 2025-26-இல் இங்கிலாந்தில் அது ஆண்டுக்கு 31,049 பவுண்டு. வரி, தேசியக் காப்பீடு, பென்ஷன் போனால் மாதம் ஏறத்தாழ 2,000 கையில் வரும். இதை நூற்றுப் பதினைந்தால் பெருக்கிப் பார்த்துவிட்டுத்தான் எல்லோரும் கிளம்புகிறோம். வாடகையையும் அதே எண்ணால் பெருக்க மறந்துவிடுகிறோம். இங்கே வடக்கில் சின்ன ஊர், ஒரு படுக்கையறை வீடு 700. கவுன்சில் வரி, கரண்டு, கேஸ், பஸ் பாஸ். டிசம்பரில் ஹீட்டரைப் போடலாமா, ஸ்வெட்டரைப் போடலாமா என்று வீட்டில் நடக்கும் விவாதத்தைத் தனி இழையாகவே போடலாம்.

ஊரில் எனக்கு ஏழு வருட அனுபவம். இங்கே முதல் படியிலேயே உட்கார வைத்தார்கள். சில இடங்களில் அனுபவத்தைக் கணக்கில் எடுப்பது உண்டு, நான் கேட்கவில்லை. கேட்கலாம் என்பதே தெரியாது. நீங்கள் கையெழுத்துப் போடும் முன்பு கேளுங்கள். அந்தப் பேப்பரிலேயே இன்னொரு பத்தி இருக்கும்: இரண்டு வருடத்துக்குள், சில இடங்களில் மூன்று வருடத்துக்குள், விட்டுப் போனால் உங்களுக்குச் செலவழித்ததைத் திருப்பிக் கட்ட வேண்டும் என்று. மாதம் போகப் போக அந்தத் தொகை குறைகிறதா, அப்படியே நிற்கிறதா என்று பாருங்கள்.

இன்னொன்று. வெளிநாட்டு நர்சுகளை எடுப்பது குறைந்துகொண்டே வருகிறது. 2025 மார்ச்சோடு முடிந்த வருடத்தில் வெளிநாட்டிலிருந்து புதிதாகப் பதிவேட்டில் சேர்ந்தவர்கள் அதற்கு முந்தைய வருடத்தைவிட 30 சதவீதம் குறைவு. நான் வந்தபோது ஸ்கைப்பில் இருபது நிமிடப் பேட்டி, மாலையே வேலை உறுதி. இன்று அப்படி இல்லை.

30 ஆகஸ்ட்

'வேலை எப்படி இருக்கும்?' இதை யாரும் கேட்கவில்லையே என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வழியாகக் கேட்டுவிட்டார்கள்.

ஊரில் நோயாளியோடு ஒரு ஆள் இருப்பார். அம்மா, மனைவி, மருமகள். துடைப்பது, ஊட்டுவது, பெட்பேன் வைப்பதெல்லாம் வார்டில் பாதி அவர்கள் பொறுப்பு. நமக்கு ஊசி, மருந்து, டிரிப், சார்ட். இங்கே பார்வையாளர் நேரத்துக்கு வருவார், நேரத்துக்குப் போவார். மீதி எல்லாம் நாம்தான், ஹெல்த்கேர் அசிஸ்டென்டும் நாமும். முதல் வாரம் ஒரு தாத்தாவின் பல்செட்டைக் கழுவி அவர் வாயில் பொருத்த அரை மணி நேரம் ஆனது. மேல் செட்டைக் கீழே வைத்துவிட்டேன். அவர் சிரித்தார், அதோடு அது கழன்று என் கையில் விழுந்தது.

ஆனால் ஊரில் ஒரு நாளைக்கு இருபது கேனுலா போட்டவள், இங்கே ஊசியைத் தொட முடியவில்லை. வகுப்புக்குப் போ, மேற்பார்வையில் போட்டுக் காட்டு, கையெழுத்து வாங்கு. கொரோனா நேரத்தில் ஐசியூவில் யாரும் கேட்கவில்லை, வார்டுக்கு வந்த பிறகு ஐந்து மாதம். நரம்பு கிடைக்காமல் ஒரு இளம் டாக்டர் ஒரு பாட்டியின் கையில் நாலு இடத்தில் குத்துவதைப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அந்த நரம்பு தெரிந்தது. அந்தக் கோபம் இன்னும் கொஞ்சம் இருக்கிறது.

மொழியைச் சொல்கிறேன். ஐஇஎல்டிஎஸ்ஸில் லிசனிங் 8 வாங்கியவள் நான். முதல் மாதம் காலை ஹேண்டோவரில், "பெட் ஆறு, வெரி பூர்லி" என்றார்கள். புவர் என்று காதில் விழுந்தது. ஐயோ, வசதி இல்லாதவர் போல என்று எழுதிக்கொண்டேன். பூர்லி என்றால் உடம்புக்கு முடியவில்லை. வெரி பூர்லி என்று நர்ஸ் சொன்னால் இன்றோ நாளையோ என்று அர்த்தம். பதினொரு மணிக்கு அவர் போய்விட்டார். உயிர்ப்பிக்கும் முயற்சி வேண்டாம் என்று முன்பே எழுதி வைத்த தாள் ஃபைலில் இருந்தது. யாரும் ஓடவில்லை, நெஞ்சை அழுத்தவில்லை. ஊரில் அந்த நேரத்துச் சத்தத்துக்குப் பழகிய எனக்கு அந்த அமைதிதான் தாங்க முடியவில்லை. மூத்த நர்ஸ் ஜன்னலை விரற்கடை அளவு திறந்து வைத்தார். ஏன் என்றேன். "எப்போதும் திறப்போம்," என்றார். ஆத்மா போகட்டும் என்றுதான். எங்கள் அப்பத்தா செத்தபோது எங்கள் வீட்டிலும் திறந்தார்கள்.

6 செப்டம்பர்

தமிழ் ஆள் யாராவது நோயாளியாக வந்ததுண்டா என்று கேட்டீர்கள். ஒரே ஒருவர். மறக்க முடியாதவர்.

டே ஷிப்ட், ஹேண்டோவரில் இரவு நர்ஸ் சொன்னார்: பெட் 11, எண்பத்தைந்து வயது, மறதி நோய், இலங்கைக்காரர், ஆங்கிலம் போய்விட்டது. இரவு முழுக்கப் பிரார்த்தனை செய்துகொண்டே இருந்தார், எதைக் கேட்டாலும் 'ஓம் ஓம்' என்கிறார். அதை மரியாதையாகச் சார்ட்டிலும் எழுதியிருந்தார்கள், நோயாளி மந்திரம் சொல்கிறார் என்று. யாரும் தொந்தரவு செய்யாமல் திரையை வேறு மூடி வைத்திருந்தார்கள்.

எனக்கும் முதலில் பிடிபடவில்லை. பக்கத்தில் போய், "பாட்டி, வலிக்குதா?" என்றேன். "ஓம்," என்றார். "தண்ணீர் வேண்டுமா?" "ஓம் பிள்ளை, ஓம்." அப்போதுதான் தலையில் அடித்துக்கொண்டேன். யாழ்ப்பாணத்துப் பேச்சில் ஓம் என்றால் ஆமாம். அந்த அம்மா ராத்திரி முழுக்க வலிக்கிறதா என்ற கேள்விக்கு ஆமாம், ஆமாம் என்று சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார்.

வலி மருந்து கொடுத்து, முதுகுக்குத் தலையணை வைத்த பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ எவடம் பிள்ளை?" என்றார். திண்டுக்கல் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தார். "அது வவுனியாவுக்கு அங்காலயோ?"

ஓம் என்றுவிட்டேன். வேறென்ன சொல்வது?

சார்ட்டில் மந்திரம் என்பதை அடித்துத் திருத்தினேன். ஒரு தாளில் ஓம், இல்லை, தண்ணி, நோகுது என்று ஆங்கில எழுத்தில் எழுதி அர்த்தத்தோடு கட்டில் தலைமாட்டில் ஒட்டினேன். சாயங்காலம் ஒரு ஐரிஷ் நர்ஸ் குனிந்து, "நோகுதா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். உச்சரிப்பு என்னைவிட யாழ்ப்பாணத்துக்குக் கிட்ட இருந்தது.

14 செப்டம்பர்

ஜெர்மனி பற்றிக் கேட்பவர்களுக்கு: நான் அங்கே இல்லை, என் பேட்ச்மேட் இருக்கிறாள். அவள் சொன்னதைச் சொல்கிறேன். ஜெர்மன் மொழியில் விசாவுக்குப் பொதுவாக பி1 நிலை, நர்சாக அங்கீகாரம் கிடைக்க அதற்கு மேல் பி2 நிலை. பி2 என்பது தமிழ் மீடியம் பிள்ளைக்கு ஒன்றரை வருடத் தவம் என்றாள். அங்கீகாரம் வரும் வரை உதவி நர்ஸ் வேலை, உதவி நர்ஸ் சம்பளம். நம் பாடத்திட்டத்தில் அவர்களுக்கு எது குறைகிறது என்று ஒரு தாள் அனுப்புவார்கள், அதற்கு ஏற்ப ஒரு பயிற்சியோ பரீட்சையோ. பி2-வையும் அதையும் முடித்தாள். முடித்து வேலைக்குப் போனால் பவேரியாவில் கிழவர்கள் பேசுவது அவள் படித்த ஜெர்மனே இல்லையாம். நான் பூர்லி கதையைச் சொன்னதும் போனில் பத்து நிமிடம் சிரித்தாள்.

ட்ரிப்பிள் வின் என்று அவர்கள் அரசு நிறுவனங்களே நடத்தும் திட்டம் ஒன்று 2013-இலிருந்து இருக்கிறது. நர்சிடம் காசு வாங்குவதில்லை. கேரளத்தோடு 2021 டிசம்பரில் ஒப்பந்தம் போட்டார்கள். ஜெர்மனி என்று சொல்லி யாராவது லட்சத்தில் கேட்டால் இதை நினைவில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.

28 செப்டம்பர்

தங்கச்சி தனியாகக் கேட்டதற்கு இங்கேயே பதில் எழுதுகிறேன், அவள் அனுமதியோடு. 'மகனை அம்மாவிடம் விட்டுவிட்டு ஆறு மாதம் முன்னால் போகலாமா?'

நான் கிளம்பியபோது என் மகளுக்கு இரண்டு வயது. நானும் ஆறு மாதம் என்றுதான் சொன்னேன். 2020 பிப்ரவரி. மார்ச்சில் விமானம் நின்றது. அப்புறம் ஓடியபோது எனக்கு லீவு இல்லை, லீவு கிடைத்தபோது 2021 ஏப்ரலில் இந்தியாவைச் சிவப்புப் பட்டியலில் போட்டார்கள், ஆகஸ்ட்டில்தான் எடுத்தார்கள். செப்டம்பரில் கணவரும் மகளும் வந்து இறங்கினார்கள். பத்தொன்பது மாதம். மான்செஸ்டர் விமான நிலையத்தில் என்னைப் பார்த்துவிட்டு அப்பா காலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். கணவர் போனை எடுத்து எனக்கு வீடியோ கால் போட்டார், பக்கத்தில் நின்றுகொண்டே. போனில் என் முகம் வந்ததும், "அம்மா" என்றாள். போனைப் பார்த்துத்தான் சொன்னாள்.

கொரோனா இப்போது இல்லை, உனக்கு அப்படி ஆகாது. நர்ஸ் விசாவில் குடும்பத்தைக் கூட்டி வரலாம், கேர் விசாவில் 2024 மார்ச்சிலிருந்து முடியாது. அதற்காகவும் அந்த 6136 வேண்டாம். இரண்டு பேருக்கும் ஷிப்ட் வேலையானால் பிள்ளையை யார் பார்ப்பது என்ற கணக்கு வரும், அது தனிக் கதை. ஆனாலும் நீ கேட்டதற்கு என் பதில்: மூன்று மாதத்துக்கு மேல் விடாதே.

எழுதி முடித்துவிட்டுப் படித்தால், நான் போக வேண்டாம் என்று சொல்வது போல இருக்கிறது. அப்படிச் சொல்லவில்லை. நானே திரும்பிப் போகவில்லையே. ஊரில் அந்தச் சம்பளத்தில் ஒரு வார்டுக்கு நாற்பது நோயாளிகளைப் பார்த்துவிட்டு, அசல் சான்றிதழை மேனேஜ்மென்ட்டின் பீரோவில் விட்டுவிட்டு வாழ்ந்த வாழ்க்கையும் எனக்கு நினைவிருக்கிறது.

11 அக்டோபர்

25,000-இல் 18,000 திரும்பி வந்துவிட்டது என்று எழுதியிருக்கிறாள். புகார் எண் கிடைத்த மறுநாள். மீதி 7,000 'ஃபைல் சார்ஜ்' என்றார்களாம். விடாதே என்றேன். விட்டுவிட்டேன் அக்கா, நிம்மதியாக இருக்கிறது என்றாள். அதுவும் சரிதான்.

அம்மா நகையை எடுத்து உள்ளே வைத்துவிட்டார். நவம்பரில் ஐஇஎல்டிஎஸ் தேதி போட்டிருக்கிறாள், ஓஇடி இல்லை. சொன்னால் யார் கேட்கிறார்கள்?

12 அக்டோபர்

'அக்கா, ரைட்டிங் கட்டுரை வாரத்துக்கு ஒன்று எழுதி அனுப்பினால் திருத்தித் தருவீர்களா?'

ஓம். செவ்வாய் எனக்கு ஆஃப், திங்கள் ராத்திரிக்குள் அனுப்பு. ஹேண்டோவர் மாதிரி எழுதாதே.